பட்டியலில் இல்லாதவர்கள் மீட்ட காணி

"முதலில் பங்காளர்களை வரைபடமாக்குங்கள். ஆய்வும் பரப்புரையும் தானாக நடக்கும்." இடப்பெயர்வு பற்றிய செயலமர்வு எதுவானாலும் வளவாளர் ஒருவர் முதல் அரைமணி நேரத்துக்குள் இதைச் சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அண்மையில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். வடக்கில் இடம்பெயர்ந்தோர் பிரச்சினை இவ்வளவு காலம் இழுபட்டதற்கு, சிவில் சமூக அமைப்புகளின் முறையான பட்டியல் ஒன்று இல்லாததுதான் காரணம் என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

பட்டியல் இல்லை என்பதே முதலில் பொய். 2009 இல் போர் முடிந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்ட காலத்திலிருந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று நிறம் தீட்டிய வரைபடங்கள் வந்துகொண்டே இருந்தன. நிறம் அடர்ந்திருந்தது வன்னியில். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தவர்கள் 'பழையவர்கள்' என்று வகுத்தார்கள். உதவி பெரும்பாலும் புதியவர்கள் பக்கம் போனது. பழையவர்கள் யார்? 1990 ஜூனில் மயிலிட்டியையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களையும் விட்டு ஓடி, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களில் பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளையும் கண்ட வலிகாமம் வடக்கு மக்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதன் பிறகு அவர்களில் பெரும்பாலானோருக்குப் புத்தளம்தான் வாழ்விடம். நிறுவனங்கள் பணம் இருந்த இடத்தில் இருந்தன. வரைபடம் நிறுவனங்கள் இருந்த இடத்தைக் காட்டியது. ஆய்வு செய்ய வந்தவர் வரைபடம் காட்டிய இடத்துக்குப் போனார். இருபது ஆண்டுகளாகப் புத்தளத்து உப்பு மண்ணில் இருந்தவர் அதில் எங்கே வருவார்?

2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடினார்கள். எல்லோரும் மீள்குடியேறிவிட்டார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. கடைசியாகப் புறப்பட்டவர்களில் கேப்பாபுலவைச் சேர்ந்த 110 குடும்பங்கள் இருந்தன. பேருந்து அவர்களை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. ஊர் இராணுவத்தின் கையில் இருந்ததால் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கிவிட்டது. மூன்று ஆண்டுகளாக அந்தக் குடும்பங்களின் பெயர் இல்லாத பட்டியல் கிடையாது. நிவாரணப் பட்டியல், முகாம் வலயப் பட்டியல், குடிசனப் பட்டியல் எல்லாவற்றிலும் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக மரங்களிலும் கம்பங்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். காணி உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கண்டுபிடிக்க முடியாத அந்த உரிமையாளர்கள் சில மைல் தூரத்தில் முகாம்களில் இருந்தார்கள். கிராம அலுவலரின் பதிவேட்டில் இருந்தார்கள், வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள். 2,000 பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், நாங்கள்தான் உரிமையாளர்கள் என்று சொன்னார்கள். இதைப் பார்த்த பிறகும் தகவல் போதாமையால்தான் காணி கிடைக்கவில்லை என்று ஒருவர் பேசினால், அவர் அந்த அறிவித்தலை ஒட்டியவர்களுக்கு உதவி செய்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

வரைபடமாக்கல் நம்பகமான அமைப்புகளை இனங்காட்டும் என்பது அவர்களின் இன்னொரு வாதம். அதற்காக அவர்கள் நிரப்பும் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பதிவிலக்கம், வங்கிக் கணக்கு, மூன்று ஆண்டுக் கணக்காய்வு அறிக்கை, இதுவரை செய்த கருத்திட்டங்களின் பெறுமதி, ஆங்கிலத்தில் கடிதத் தொடர்பு வைக்கக்கூடியவரின் பெயர், மின்னஞ்சல். எத்தனை பேருடைய காணி இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்கும் நிரல் ஒன்றுகூட இல்லை. கோணப்புலம் நலன்புரி நிலையத்தில் ஒரு முகாம் குழுச் செயலாளரின் பொலித்தீன் பையை நான் பார்த்திருக்கிறேன். உறுதிகளின் போட்டோப் பிரதிகள், பழைய குடும்ப அட்டைகள், சனாதிபதி முதல் பிரதேச செயலாளர் வரை அனுப்பிய மனுக்களின் கார்பன் பிரதிகள், ஒவ்வொரு மனுவின் பின்புறமும் குண்டூசியால் குத்திய பதிவுத் தபால் பற்றுச்சீட்டு. எந்த ஆண்டு எந்த அதிகாரி என்ன பதில் எழுதினார் என்று தேதியோடு சொன்னார். வலி வடக்குக் காணி விவகாரத்தில் இதைவிட நல்ல ஆவணக் காப்பகத்தை நான் எந்த நிறுவனத்திலும் காணவில்லை. அவருடைய குழுவுக்குப் பதிவிலக்கம் கிடையாது. படிவத்தின் முதல் நிரலிலேயே அவர் விழுந்துவிடுவார்.

ஒரே இடத்தில் பலர் ஒரே வேலையைச் செய்வதை வரைபடம் தவிர்க்கும் என்கிறார்கள். மெனிக் பாமில் தவிர்த்ததா என்று அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள்.

இனி, எனக்கு உண்மையில் பொறுக்காத விடயம். வரைபடமாக்கலின் உச்சமாக அவர்கள் சுவரில் ஒட்டும் நான்கு கட்டப் படம். ஒரு பக்கம் செல்வாக்கு, மறுபக்கம் அக்கறை. செல்வாக்கும் அக்கறையும் கூடியவர்களோடு நெருங்கி வேலை செய்ய வேண்டும். செல்வாக்குக் குறைந்து அக்கறை கூடியவர்களுக்குத் தகவல் கொடுத்தால் போதும். இடம்பெயர்ந்த மக்களை எந்தச் செயலமர்விலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஒட்டுகிறார்கள். அமைச்சு, தூதரகம், கொழும்பு ஆய்வு நிறுவனம், மாவட்டச் செயலகம் எல்லாம் மேலே. தன் வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பவள் கீழே.

இரணைதீவை இந்தப் படத்தில் வைத்துப் பார்ப்போம். பூநகரிப் பிரதேசத்து இரட்டைத் தீவுகள். 1992 இல் மக்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்து எதிர்க்கரையில் இரணைமாதாநகரில் குடியேறினார்கள். போர் முடிந்த பின்னும் கடற்படை அவர்களைத் தீவில் குடியிருக்க விடவில்லை. கடிதம் எழுதினார்கள், அதிகாரிகளைப் பார்த்தார்கள், வாக்குறுதிகளைக் கேட்டார்கள். 2017 மே 1 அன்று இரணைமாதாநகரில் கொட்டகை போட்டுத் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள். கடலட்டை பொறுக்கியும் நண்டு வலை தெரிந்தும் வாழ்ந்தவர்கள். சமைப்பதற்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் முறை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓராண்டு அந்தக் கொட்டகையில் இருந்தார்கள். மேலே இருந்த கட்டத்துக்காரர்கள் அந்த ஓராண்டில் எத்தனை உறுதிமொழி கொடுத்தார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறிக் கடலைக் கடந்து தீவில் இறங்கினார்கள். திரும்பிப் போக மறுத்தார்கள். அரசாங்கத்தின் அதிகாரிகள் தீவுக்கு வந்து, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்று இணங்க வேண்டியதாயிற்று.

அன்று படகுகளில் அருட்தந்தையரும் செய்தியாளரும் தெற்கிலிருந்து வந்த செயற்பாட்டாளரும் இருந்தார்களே என்று கேட்பார்கள். இருந்தார்கள். அந்தப் பெண்கள் கூப்பிட்டதால் வந்தார்கள். யாரை நம்பலாம், யார் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார், எந்தச் சட்டத்தரணி இரவில் அழைத்தாலும் தொலைபேசியை எடுப்பார் என்ற கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பங்காளர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. செயலமர்வு வைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு அதற்கு முறையியல் என்று பெயர் வைக்கிறார்கள்.

கேப்பாபுலவு பிலக்குடியிருப்பிலும் இதுதான் நடந்தது. 2017 ஜனவரி 31 அன்று விமானப்படை முகாம் வாசலில், தெரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் கைக்குழந்தைகளோடு இருந்தார்கள். மார்ச் 1 அன்று காணி திறந்தது. ஒரு மாதம். எட்டு ஆண்டுகளாக எத்தனையோ உயர்மட்டச் சந்திப்புகளால் முடியாதது ஒரு மாதத்தில் முடிந்தது. பிலக்குடியிருப்பைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களும் எழும்பின. இரணைதீவுக்காரர்கள் கொட்டகை போட்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து. செல்வாக்கு என்பது ஒருவர் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பார்த்து எழுதிவைக்கும் விடயமாக இருந்தால், இந்த இரண்டு ஊர்களும் இன்றுவரை முட்கம்பிக்குள்தான் இருந்திருக்கும்.

2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்தவர்களை அடக்க இரணைதீவைத் தெரிவுசெய்ததாக அரசாங்கம் சொன்னபோது, திரும்பி வந்து மூன்று ஆண்டுகூட ஆகாத அந்த மக்கள் மறுபடியும் எழுந்தார்கள். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. இரண்டாம் தடவையும் அவர்களைக் கீழ்க்கட்டத்தில் ஒட்டுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சிவில் சமூகம் என்று ஒரே நிரலில் எல்லோரையும் அடுக்கிவிட்டால் எல்லோரும் இடம்பெயர்ந்தவர் பக்கம் நிற்பார்கள் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. முசலிப் பிரதேசத்துக்குப் போய்ப் பாருங்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி முஸ்லிம்கள் 1990 இல் துரத்தப்பட்டார்கள். அவர்கள் இல்லாத காலத்தில் ஊரைக் காடு மூடியது. 2012 இல் அந்த நிலத்தை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். அவர்கள் திரும்பி வந்து துப்புரவு செய்தபோது, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று 2015 இல் நாடு முழுக்கக் கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் முன்னுக்கு நின்றவர்கள் சுற்றாடல் அமைப்புகள். பதிவு உண்டு, கணக்காய்வு உண்டு, நல்ல பெயரும் உண்டு. அவற்றில் ஒன்றான சுற்றாடல் நீதிக்கான மையம் தொடர்ந்த வழக்கில், முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தன் செலவில் அங்கே மரம் நட வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமைச்சர் அரசியல் இலாபம் தேடினாரா என்பது வேறு கேள்வி. துரத்தப்பட்டவரின் வளவு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அந்தப் பரப்புரை கேட்கவே இல்லை. வரைபடத்தில் அந்தச் சுற்றாடல் அமைப்பும் புத்தளத்து அகதிச் சங்கமும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். ஒருவர் திரும்பி வருவதை மற்றவர் நீதிமன்றத்தில் தடுக்கிறார் என்பதைச் சொல்ல அந்தப் புள்ளிகளால் முடியாது.

பட்டியல் யாருக்கும் கெடுதி செய்யாது என்று சொல்பவர்கள் 2014 ஐ மறந்துவிட்டார்கள். அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. ஊடகச் சந்திப்பு வைக்காதே, செய்தியாளருக்குப் பயிற்சி கொடுக்காதே என்று ஜூலை மாதத்தில் அது நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதற்கு நான்கு மாதம் முன்னர்தான் கிளிநொச்சியில் உண்மை அறியப் போன மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவையும் அருட்தந்தை பிரவீனையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பெயர் தெரிந்த இவர்களுக்காகக் குரல் எழுந்தது, வெளியே வந்தார்கள். முல்லைத்தீவுக் கிராமத்தில் மாதர் சங்கத் தலைவியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் 'காணி உரிமைப் பரப்புரை' என்ற தலைப்பின் கீழ் எழுதி மின்னஞ்சலில் சுற்றவிடுபவர், அவள் வீட்டு வாசலுக்குப் புலனாய்வாளர் வரும் நாளில் எங்கே இருப்பார்? அவளிடம் சம்மதம் கேட்டு நிரப்பிய ஒரு படிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

2025 மார்ச் 28 அன்று வடக்கில் 5,940 ஏக்கர் அளவு காணி பற்றி ஒரு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. எதிர்ப்பாலும் வழக்காலும் அது நின்றது. இன்னொன்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தால், இந்தத் துண்டு யாருடையது, அவர் புத்தளத்தில் இருக்கிறாரா, தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் இருக்கிறாரா, ரொறன்ரோவில் இருக்கிறாரா, உறுதி யார் கையில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் பக்கத்து வளவுக்காரர்தான். அவரைத் தேடிப் போகும் பேருந்துக் காசை அடுத்த கருத்திட்டத்தின் வரவுசெலவில் முதல் வரியாகப் போடுங்கள். செயலமர்வு மண்டபத்தின் வாடகை அதற்குக் கீழே வரட்டும்.