அம்பாசடருக்குப் புது சைலன்சரா?

பழைய அம்பாசடரைத் தூசு தட்டி ஓட்ட ஆரம்பிப்பவர்கள், பெயின்ட்டுக்கு அடுத்து கை வைப்பது சைலன்சரில்தான். முதலில் ஓட்டையாகிற பாகமே அதுதானே! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. எப்போதாவது கோயில் வரை போய்த் திரும்பும் வண்டியில், குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் என்ஜினை அணைத்துவிடுவார்கள். ஈரம் உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்கிறபோது, 'கொஞ்சம் பவரையும் கூட்டிக்கலாமே' என்ற ஆசை எட்டிப் பார்க்கிறது.

ஆசையில் தப்பில்லை. பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருப்பது பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த 1489 சிசி பி-சீரிஸ் என்ஜின். 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பம், இதே சிசி. அங்கே 70 குதிரைத்திறனை ஒட்டிக் கொடுத்தது. அம்பாசடரில் 50 சொச்சம்தான். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு இரட்டை கார்புரேட்டரும் கூடுதல் கம்ப்ரஷனும் முக்கியக் காரணங்கள். சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு எம்ஜி வேகத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்த என்ஜினில் ஒரு விசேஷம் உண்டு. சிலிண்டர் நான்கு, புகை வெளியேற வாசல் மூன்றே. முதல் சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் தனித்தனி வாசல். நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாசலைப் பங்கு போடுகின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், ஒன்றும் நான்கும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் மாறி மாறிப் புகை விடும். நடு இரண்டும் அப்படியே. அதனால் ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக் குழாயை நீளமாக இறக்கித் தள்ளிச் சேர்த்தால், ஒன்றின் புகை இன்னொன்றை மறிக்காது. 'லாங் சென்டர் பிராஞ்ச்' மேனிஃபோல்டு என்பது இதுதான். காசு செலவழிப்பதென்றால் இதில் செலவழிக்கலாம். ஆனால் எம்ஜிக்காகச் செய்தது அம்பாசடர் பானட்டுக்குள் அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

அதற்குப் பின்னால் வரும் குழாய்? பெரிதாக இருந்தால் நல்லது என்பது பட்டறைகளில் காலங்காலமாக ஓடும் நம்பிக்கை. இந்தச் சின்ன என்ஜினுக்கு ஒன்றே முக்கால் அங்குலம் தாராளம். அதைவிட அகலமானால் புகையின் வேகம் குறையும், சத்தம் கூடும், மேட்டில் இரண்டாவது கியரில் இழுக்கிற அந்த அம்பாசடர் இழுவைதான் முதலில் போகும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் இருக்கிறதா என்பது அகலத்தைவிட முக்கியம். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கத் தெரிந்த பழைய கை ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பொருத்தும்போது ஒரு சங்கதி. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். சில இடங்களில் ஒரே வாஷர்தான் இரண்டையும் அழுத்திப் பிடிக்கிறது. புதியதன் விளிம்பு கொஞ்சம் தடிமன் மாறினாலும் ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் கசியும்.

கசிவை வெறும் சத்தத் தொல்லை என்று விட்டுவிட முடியாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. துருப்பிடித்த தரையும் தேய்ந்த டிக்கி ரப்பரும் உள்ள வண்டியில், கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது நேரே பின்சீட்டுக்கு வரும். நீண்ட பயணத்தில் குழந்தைகள் தலைவலி என்றாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்க வேண்டும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான். கடைசிக் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அழகுக்காக அல்ல.

சைலன்சரே இல்லாமல் 'உறுமல்' கேட்கிறவர்களுக்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

புதியது ஏறியதும் கார்புரேட்டரைச் சரிபார்த்தாக வேண்டும். புகை சுலபமாக வெளியேறினால் பெட்ரோல் கலவை வறண்டுபோகலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கழற்றிய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிப் பரணில் வைப்பது நல்லது. வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.