கூச்சம் யாருக்கு?

குழந்தையிடம் போய் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வெகு நாளாக இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் படித்தவர்கள். பிள்ளைகளைத் தங்கள் சக்திக்கு மீறிய பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பீஸ் கட்டக் கடன் வாங்குகிறவர்கள். பத்திரிகையில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைப் படித்துவிட்டு, ‘இவனையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்திச் சுட வேண்டும்’ என்று கொதித்துவிட்டு, குழந்தை அந்தப் பக்கம் வருகிறது என்றதும் பத்திரிகையை மடித்து வைக்கிறவர்கள். அந்த மடிப்பைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய கட்சி இதுதான்: குழந்தை கள்ளமறியாதது, அதற்குத் தெரியாத ஒன்றை நாமே எடுத்துச் சொல்லி அதன் மனசை ஏன் கெடுக்க வேண்டும்? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பெற்றோர் சித்திரை மாதத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று லட்சக்கணக்கான ஜனங்கள் வைகைக் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பிள்ளையை அழைத்துப் போவதற்கு முன்னால், ‘உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்தத் தெரு’ என்று பத்துத் தடவை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். உள்ளங்கையில் போன் நம்பரை எழுதிவிடுகிறார்கள். ‘காணாமப் போனா அழுதுக்கிட்டு நிக்காதே, போலீஸ்காரர்கிட்டே போய்ச் சொல்லு’ என்கிறார்கள். தொலைந்து போவது என்கிற பயங்கரத்தை நாலு வயசுப் பிள்ளையிடம் சொல்லலாமா, அதன் மனசு கெட்டுவிடாதா என்று ஒருவரும் கேட்பதில்லை. மொட்டைக் கிணற்றுப் பக்கம் போகாதே என்கிறோம். கரண்டுக் கம்பியைத் தொடாதே என்கிறோம். இந்த ஒரு ஆபத்து வருகிறபோது மட்டும் அறியாமையே பெரிய காவலாகிவிடுகிறது.

கூச்சமாக இருக்கிறதே, என்ன செய்வது என்று சிலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கூச்சம் எங்கே இருக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மதுரையிலும் சுற்றிலுமுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் ஒரு பெண் ஆளாகிவிட்டால் நடக்கிற சடங்கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு வயசுப் பெண்ணின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். மைக்செட் வைத்து ஊருக்கே அறிவிக்கிறார்கள். தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாக மேளத்தோடு வருகிறது. யார் எவ்வளவு மொய் என்று நோட்டில் ஏறுகிறது. அந்தப் பெண்ணின் உடம்பில் நேர்ந்த ஒரு மாற்றத்தை அவளைத் தவிர ஊரில் அத்தனை பேரும் பேசியாகிவிட்டது. அவளை மணையில் உட்கார்த்தி, தலையைக் குனிந்துகொள் என்றார்கள். அவளுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இது என்ன, ஏன், இனிமேல் யாரிடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவளோடு தனியாக உட்கார்ந்து பேசிய தாய்மார் எத்தனை பேர்? கூச்சமென்றால் அந்த மைக்செட்டிலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? (சீர் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாய்மாமன் ஆசையாகச் செய்கிறான், செய்யட்டும். அந்த ஃப்ளெக்ஸைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.)

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் பெருமை பேசுகிற ஊர் இது. பழைய பாட்டுகளில் உடம்பின் எந்தப் பகுதிக்கும் பெயர் உண்டு. உரையாசிரியர்கள் முகம் சுளிக்காமல் பொருள் எழுதினார்கள். இன்றைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு மூக்கு எங்கே, காது எங்கே, முட்டி எங்கே என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டச் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் அகராதி முடிந்துபோகிறது. அப்புறம் இருக்கிறது ஒரே வார்த்தை: ‘ஷேம் ஷேம்’. வெட்கம் என்பதே அந்த இடத்துக்குப் பெயர்! இந்தப் பிள்ளை பின்னால் ஒரு நாள், இன்னார் என்னை இங்கே தொட்டார் என்று சொல்ல வந்தால், முதலில் தன்னுடைய வெட்கத்தை அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது? அது வாயைத் திறக்குமா?

2021-22இல் தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்தது. குறையை எழுதிப் போடலாம். 14417, 1098 என்ற நம்பர்களையும் எழுதி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் போடுகிற சீட்டில் எழுதுவதற்குப் பிள்ளையிடம் வார்த்தை இருக்க வேண்டும். அதை அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்க முடியாது.

நாம் கொஞ்சநஞ்சம் எச்சரிக்கிறதும் தப்பான ஆளைக் காட்டித்தான். பிள்ளை பிடிக்கிறவன் வருவான், சாக்கிலே போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று பயம் காட்டுகிறோம். சினிமாவிலும் தொடர்கதையிலும் கெடுதல் செய்கிறவன் எங்கிருந்தோ வருகிறான்; பார்த்த உடனேயே தெரிந்துவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஒரு கணக்குப் போடுகிறது. குழந்தைகள் மீதான பலாத்கார வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், அண்டை வீட்டுக்காரன், குடும்ப சிநேகிதன். சாக்கோடு எவனும் வருவதில்லை. சாக்லெட்டோடு, உரிமையோடு, பின்கட்டு வழியாகவே வருகிறான்.

2007ஆம் வருஷம் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டிருந்தார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 53 பேர். அதில் பையன்கள் பெண்களைவிடச் சற்று அதிகம் என்பதை, ‘ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன வந்தது’ என்று இருக்கிற தகப்பன்மார் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இது வெளிவந்த அதே 2007இல், வளரிளம் பருவத்தினருக்கான கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்தக் கூடாது என்று பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. காரணம், கலாச்சாரம். ஒரு கையில் அந்த எண்ணிக்கையும் மறு கையில் இந்தக் காரணமும் வைத்துக்கொண்டு எப்படித்தான் கூட்டம் நடத்தினார்களோ, தெரியவில்லை.

பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பதை நாம் ஒரு ஒழுக்கமாகப் பழக்கியிருக்கிறோம். விருந்தாளி வந்தால் ‘மாமாவுக்கு ஒரு முத்தம் குடு’ என்கிறோம். பிள்ளை நெளிந்தால், முகத்தைத் திருப்பினால், வலுக்கட்டாயமாகத் தூக்கி மடியில் உட்கார்த்துகிறோம், எல்லோரும் சிரிக்கிறோம். அந்தக் குழந்தை அன்று ஒரு பாடம் படித்துக்கொள்கிறது: என் உடம்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால், என் அம்மாவே என் பக்கம் நிற்க மாட்டாள். இந்தப் பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைதான் அயோக்கியனுக்கு வேண்டிய பிள்ளை.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையை அடுத்த பொதும்பு அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் மீது, மாணவிகளிடம் தகாத முறையில் நடந்ததாக 2011இல் புகார் எழுந்தது. 2018இல் மதுரை நீதிமன்றம் அவருக்கு மொத்தம் 55 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தண்டனையின் அளவைப் படித்துவிட்டுப் பலர் திருப்திப்பட்டார்கள். எனக்கு அந்த ஏழு வருஷத்தின் மேலேயே கண் நின்றது. பத்து வயசில் வாயைத் திறந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வருகிறபோது பதினேழு வயசு. ஒரு பிள்ளை அல்ல, பல பிள்ளைகள். தலைமையாசிரியர் என்றால் கிராமத்தில் யார்? தகப்பனே எழுந்து நின்று கும்பிடுகிற மனிதர். அவரைப் பற்றி ஒரு ஏழைப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமானால் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும்! அந்தத் தைரியத்துக்கு நாம் முன்கூட்டி என்ன உதவி செய்து வைத்திருக்கிறோம்?

கிராமம், வறுமை, அறியாமை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இடமில்லை. 2018இல் சென்னை அயனாவரத்தில், வாசலில் காவலாளி நிற்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில், காது சரியாகக் கேளாத 11 வயசுச் சிறுமியை மாதக்கணக்கில் வதைத்திருந்தார்கள். வெளியாட்கள் உள்ளே வராமல் காக்க வேண்டியவர்களும், லிப்ட் இயக்குகிறவர்களும், குழாய் வேலைக்கு வருகிறவர்களுமே அதில் இருந்தார்கள். 17 பேர் மீது வழக்கு. 2020 பிப்ரவரியில் 15 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குழந்தை கடைசியில் சொன்னது தன் அக்காளிடம். நிறையப் பேசத் தெரியாத ஒரு பிள்ளைகூட, கோபிக்காமல் கேட்பாள் என்று நம்பிய ஒருத்தியிடம் சொல்லிவிட்டது. இந்த வழக்கில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த அக்காள்தான்.

எனக்கு மூத்தவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “குடும்பம்னா நம்பிக்கைதானேப்பா. மாமனையும் சித்தப்பனையும் சந்தேகப்படச் சொல்லிக் குடுத்தா, அந்தப் பிள்ளை நாளைக்கு யாரைத்தான் நம்பும்?”

இது வெறும் சாக்கு அல்ல. பதில் சொல்லவேண்டிய கேள்வி. “ஐயா, நல்ல மாமனுக்கு இதிலே என்ன நஷ்டம்? பிள்ளை ‘வேண்டாம் மாமா’ என்றால் ‘சரிடா கண்ணு’ என்று இறக்கி விட்டுவிடப் போகிறார். இறக்கிவிட மனமில்லாதவனை நம்பச் சொல்லி நாம் ஏன் பிள்ளையைப் பழக்க வேண்டும்?” என்றேன். அவர் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டதாக நான் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பிள்ளை தலையிலேயே கட்டுகிறாயே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். ஆறு வயசுக் குழந்தை நாற்பது வயசு ஆளைத் தடுத்து நிறுத்தும் என்று நான் சொல்லவே இல்லை. காப்பது பெரியவர்கள் வேலை. ஆனால் நடந்தது தெரிந்தால்தானே காக்க முடியும்? தெரிவதற்கு ஒரு வழி வேண்டும். பெரிய பிரசங்கம் ஒன்றும் தேவையில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறபோது ஒரு தாய் சொல்லலாம்: “இந்த இடமெல்லாம் உன்னோடது, கண்ணு. குளிப்பாட்டுறப்போ அம்மா தொடுவேன். நான் பக்கத்திலே இருக்கிறப்போ டாக்டர் பாப்பாரு. வேற யாரு தொட்டாலும், தொடச் சொன்னாலும், மாமாவா இருந்தாலும் வாத்தியாரா இருந்தாலும் எங்கிட்டே வந்து சொல்லிரு. வைய மாட்டேன். ‘அம்மாகிட்டே சொல்லாதே’ன்னு யாராச்சும் சொன்னா, அதைத்தான் நீ முதல்லே சொல்லணும்.” இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது? தகப்பன் பையனுக்கு இதையே சொல்லலாம். அப்பத்தா சொன்னால் இன்னும் நன்றாகப் பதியும். ஒரு தடவை சொன்னால் போதாது, பிள்ளை வளர வளரச் சொல்ல வேண்டும்.

‘வைய மாட்டேன்’ என்று சொன்னது மட்டும் காப்பாற்றப்பட வேண்டும். பிள்ளை வந்து சொன்ன மறுநிமிஷம், ‘நீ ஏண்டி அங்கே போனே?’ என்று கேட்டால் எல்லாம் பாழ். அப்புறம் அது ஆயுசுக்கும் எதையும் சொல்லாது. இங்கேதான் மானம் என்று ஒன்று குறுக்கே வருகிறது. வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள், அண்ணன் தம்பிக்குள் பகை வந்துவிடுமே, பத்திரிகையில் பேர் வந்துவிடுமே, போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதா என்று ராத்திரியெல்லாம் பேசிவிட்டு, விடிந்ததும் அந்த ஆளுக்கே காபி கொடுக்கிறார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறவள் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

2012 நவம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தில் இந்தப் பயங்களுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறது, படிக்கிறவர்கள்தான் குறைவு. பதினெட்டு வயசுக்கு உட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் அது பொருந்தும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ அது விரும்புகிற இடத்திலேயோ வாங்க வேண்டும். கூடுமானவரையில் சப் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. குற்றவாளியின் முகத்துக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. பெயரையோ பள்ளியையோ வீட்டையோ பத்திரிகை வெளியிட்டால் அது குற்றம். விசாரணையைக் கூடுமானவரை ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அது எழுத்தில் இருக்கிற அளவுக்கு நடப்பில் இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. அதற்காக வேறு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று எழுதியிருக்கிறது. இப்படி ஒரு காரியம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறவர் தமக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. ‘சார், பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப்போயிரும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்குவோம்’ என்று யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்கார வைத்தால், உட்கார்ந்தபடியே அவருக்கு இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லலாம். 1098க்கு அங்கிருந்தே போன் செய்யலாம்.