பின் ரயரைப் பெருப்பிக்கும் பெருமை

“பின்னால 150 போட்டாச்சு மச்சான், இனி ரோட்டோட ஒட்டிக்கொண்டு நிக்கும்.” அவெஞ்சரைக் கம்பஸ் வாசலில் நிறுத்திவிட்டு நண்பன் சொன்னான். ரெண்டு கிழமை கழிச்சு, மழை ஈரத்தில், ஒரு நாய் குறுக்க வர பிறேக் பிடிச்சான். முன் சில்லு வழுக்கியது. அவனும் விழுந்தான், பின்னால் இருந்த நானும் விழுந்தேன். எழும்பிப் பார்த்தால், பின் ரயர் புத்தம் புதுசு. முன் ரயர் மொட்டை!

பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குப் போகும். பைக்கை நிப்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். நாங்களோ காசை எல்லாம் பின்னுக்குக் கொட்டுகிறோம்.

“அகலம் கூடினால் கிரிப் கூடும்தானே?” என்பீர்கள். அவ்வளவு லேசான கணக்கில்லை. ரயர் ரோட்டில் பதியும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாரமும் காற்றழுத்தமும்தான். அகலமான ரயரின் பதிவு அகலத்தில் கூடி, நீளத்தில் குறையும். போதாக்குறைக்கு, அவெஞ்சர் 220இன் ரிம் 130/90-15 ரயருக்காகச் செய்தது. அதே ரிம்மில் 150ஐத் திணித்தால் ரயரின் இரண்டு கரையும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். காசு குடுத்து வாங்கிய அகலம் நேராக ஓடும்போது ரோட்டைத் தொடாது. வளைவில் அதே வேகத்துக்கு முன்னரைவிடக் கூடச் சரிக்க வேண்டும். செயினுக்கும் ரயருக்கும் இடையிலான இடைவெளியும் சுருங்கும்.

“அப்ப ஹார்லிக்காரன் மடையனா?” இல்லை. 2018 முதல் ஃபற் போய் 240 ரயரோடு வருகிறது. ஆனால் ரிம், ஸ்விங் ஆர்ம், மட்கார்ட் எல்லாம் அந்த 240க்கு அளவெடுத்துச் செய்தவை. முன்னுக்கும் 160 ரயர் போட்டிருக்கிறான். நாங்கள் ரயரை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதை எல்லாம் கராச் அண்ணையின் லீவரிடம் ஒப்படைக்கிறோம்.

வடிவுக்காகத்தான் போடுகிறேன் எண்டு சொல்லுங்கோ, அதில் ஒரு நேர்மை இருக்கு. பாதுகாப்புக்கு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. பின்னால் ஏறுகிறவர் அந்தக் கதையை நம்பித்தான் ஏறுகிறார். அது உங்கட தங்கச்சியாகவும் இருக்கலாம்.

நண்பன் இன்னும் அந்த 150ஐக் கழற்றவில்லை. முன் ரயரை மாற்றிவிட்டான். முழங்கால் காயம் ஆறிவிட்டது. ஆனாலும் ஏறமுதல் நான் குனிந்து பார்ப்பது முன் சில்லைத்தான்.