அனைவர்க்கும் ஒரே கிண்ணம்

விருந்தோம்பல் என்னும் பண்பைத் தமிழரிடமிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. வள்ளுவப் பெருந்தகை திருக்குறளின் 9ஆம் அதிகாரத்தை அப்பண்புக்கென்றே ஒதுக்கினார். 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், உடலுக்கு ஒவ்வாததை விலக்கி உண்பவனை நோய் வருத்தாது என்னும் கருத்தையும் அவரே உணர்த்தினார். முன்னதை நாம் நன்றாகக் கற்றிருக்கிறோம். பின்னதை நமது விழா மேசைகளில் மறந்துவிடுகிறோம் என்பதே எனது கவலை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விஜயதசமியன்று நடைபெற்ற ஏடு தொடக்கும் நிகழ்வொன்றுக்கு வீட்டிலே குளிர்களி செய்து எடுத்துச் சென்றேன். பசுப்பால் ஒவ்வாத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கு வருவாள் என்று அறிந்து, தேங்காய்ப்பாலிலேயே அதனைச் செய்திருந்தேன். முதற் கிண்ணத்தைப் பெருமையுடன் அவளிடமே நீட்டினேன். அருகில் நின்ற தாயார், "அக்கா, மேலே தூவின கஜூவை எதிலை வறுத்தனீங்கள்?" என்று கேட்டார். "நெய்யிலைதான் தங்கச்சி" என்றேன். அடுத்த கணமே கிண்ணம் என் கைக்குத் திரும்பி வந்தது. நெய்யிலும் பாற்புரதம் எஞ்சி நிற்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. "ஒரு கரண்டி சாப்பிட்டால் என்ன வரப்போகுது?" என்று முதியவர் ஒருவர் பரிந்து பேசினார். சிறுமி அழவில்லை. தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, ஏனைய பிள்ளைகளிடமிருந்து சற்று விலகி அமர்ந்து உண்டாள். விலகி அமர்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

ஒரு கரண்டி என்ன செய்யும்? இக்கேள்விக்கு நாம் தெளிவான விடை அறிந்திருத்தல் வேண்டும். பாலிலுள்ள சீனியாகிய லாக்டோசு செரியாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது தெற்காசியரான நம்மில் வளர்ந்தோரிடையே மிகப் பொதுவானது. வயிறு உப்பும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. பின்னதோ பாற்புரதத்தைப் பகையென எண்ணி உடலின் எதிர்ப்பாற்றல் தொடுக்கும் போர். சிறிதளவு உட்சென்றாலும் சிலருக்கு உதடு வீங்கும், மூச்சுத் திணறும். உடனே 112ஐ அழைக்க வேண்டிய நிலையும் வரலாம். கடைகளில் விற்கும் லாக்டோசு நீக்கிய பாலும் ஆட்டுப்பாலும் இத்தகைய பிள்ளைக்கு மாற்றாகா. உறைய வைப்பதால் ஒவ்வாமைப் பொருள் அழிந்துவிடுவதும் இல்லை.

இலையுதிர் காலத்தில் குளிர்களியைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் வினவலாம். யேர்மனியில் நாம் காணும் இத்தாலியக் குளிர்களிக் கடைகள் பலவற்றை, டொலமைற் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த குடும்பங்களே தொடங்கின. நம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள் அவர்கள். 1969ஆம் ஆண்டு மன்கைம் நகரில் ஸ்பகெற்றி வடிவக் குளிர்களியை உருவாக்கியவரும் இவ்வாறு ஊர் விட்டு வந்த இத்தாலியக் குடும்பமொன்றைச் சேர்ந்த டாரியோ பொன்தனெல்லா என்பவரே. இக்கடைகளுட் பல இலையுதிர் காலத்தின் முடிவில் கதவடைத்து, இளவேனிலை அண்டியே மீண்டும் திறக்கும். ஆனால் பிள்ளைகளின் ஆசைக்குப் பருவம் உண்டோ? நவராத்திரியும் தீபாவளியும் வரும் காலமும் இதுவே. சந்தையில் பூசணியும் அப்பிளும் பேரிக்காயும் மலிந்து கிடக்கும் காலமும் இதுவே. நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீம் உண்டும், மிதிவண்டியில் வந்த ஐஸ்பழத்தைத் துரத்தியும் வளர்ந்த நாம், பிள்ளைகளுக்காக அதனை வீட்டிலே செய்ய ஏன் தயங்க வேண்டும்?

செய்முறை எளிது, இயந்திரமும் வேண்டியதில்லை. அரைக் கிலோ செம்பூசணியை ஆவியில் அவித்து மசித்துக் கொள்க. 150 கிராம் பனங்கட்டியைச் சிறிது நீரிற் கரைத்து வடிகட்டுக. 400 மில்லிலீற்றர் கொள்ளும் தகரப்பேணித் தேங்காய்ப்பாலில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டியின்றிக் கரைத்து, பனங்கட்டிப் பாகுடன் சேர்த்துக் காய்ச்சி, தடித்ததும் பூசணியையும் ஏலப்பொடியையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து இறக்குக. நன்கு ஆறிய பின்னர், அகன்ற தட்டமான பாத்திரத்தில் ஊற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்து, அரை மணிக்கொரு தடவையாக மூன்று மணி நேரம் முள்ளுக்கரண்டியாற் கிளறுக. கிளறும்போது பெரிய பனிப்பளிங்குகள் உடைந்து காற்றும் கலக்கும். தேங்காய்க் கொழுப்பு மென்மையைத் தரும். பனங்கட்டியின் இனிப்பு, கல்லாய் உறையாமற் காக்கும். முட்டை செய்யும் தடிப்பாக்கும் வேலையை இங்கே சோளமா செய்கிறது. பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னர் வெளியில் எடுத்து வைத்தல் நன்று.

அப்பிளில் செய்ய விரும்புவோர் அதனை வேக வைத்தே சேர்க்க வேண்டும். பேர்ச் மரத்தின் மகரந்தம் ஒவ்வாதவர் இந்நாட்டிற் பலர். அவர்களுட் பலருக்குப் பச்சை அப்பிள் வாயில் அரிப்பை உண்டாக்கும். வேக வைத்தால் பெரும்பாலும் அத்தொல்லை இராது.

எனினும், கைப்பக்குவத்தினும் முதன்மையானது கண்பார்வை. நம்மவர் விரும்பி வாங்கும் தேங்காய்ப்பால் மாவில் பாற்புரதம் சேர்க்கப்படுவதுண்டு. கடையில் 'வேகான்' என்று விற்கும் குளிர்களியில் பால் மூலப்பொருளாகச் சேர்க்கப்படுவதில்லை, ஆயினும் பாலின் சுவடு இருக்கக்கூடும். ஆனால் சோயாவோ பாதாமோ கஜூவோ இருக்கலாம். கூம்பு வடிவப் பிஸ்கற்றில் பொதுவாகக் கோதுமை உண்டு. ஆகவே கிண்ணத்திற் கொடுப்பதே நன்று. கச்சானோ கஜூவோ எள்ளோ தூவ விரும்பினால், அவற்றைத் தனித்தட்டில் தொலைவில் வைத்து, தனிக்கரண்டி இடுக. மற்றைய சமையலைத் தொடங்குமுன், கழுவிய பாத்திரத்தில் குளிர்களியை முதலிற் செய்துவிடுக. தேங்காயே ஒவ்வாதவரும் அரிதாக உளர். ஆதலால் பெற்றோரைக் கேட்டறிந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

2014 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி, பால், முட்டை, கோதுமை போன்ற பசையத் தானியங்கள், கச்சான், கொட்டைப் பருப்புகள், சோயா, எள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களை உணவுப் பொதிகளில் வேறுபடுத்திக் காட்டுமாறு பணிக்கிறது. பொதி செய்யாது விற்கும் உணவுக்கும் இவ்விவரம் தரப்பட வேண்டும். ஆனால் தனியாட்கள் எப்போதாவது ஓர் அறப்பணி நிகழ்விலோ உள்ளூர் விழாவிலோ உணவு வழங்குவது அதன் வரம்புக்குள் வருவதில்லை. அன்னையர் வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் நமது விழா மேசை பெரும்பாலும் சட்டத்தின் கண்ணுக்கு அப்பாற்பட்டது. சட்டம் விட்ட இடத்தில் மனச்சான்று நிற்க வேண்டாமோ?

ஆதலால், தமிழ்ப்பள்ளி விழாக்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, உணவு கொண்டு வருவோர் அதில் உள்ளவற்றைத் தமிழிலும் டொச் மொழியிலும் ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தல். இரண்டாவது, ஒவ்வாமை உடைய பிள்ளைக்குத் தனியாக ஏதோவொன்றைக் கொடுப்பதை விடுத்து, எல்லாப் பிள்ளைகளும் உண்ணக்கூடிய ஓர் இனிப்பையேனும் மேசையில் வைத்தல். தனிக்கிண்ணம் பசியைத் தீர்க்கலாம், தனிமையைத் தீர்க்காது.

மூன்றாவது, நமது வகுப்பறைக்கே உரியது. இங்கு பிறந்த பிள்ளைக்குத் தன் நோயின் பெயர் டொச் மொழியிலேயே தெரியும். கரண்டியோடு அன்புடன் அணுகும் அம்மம்மாவுக்கோ அம்மொழி புரியாது. "எனக்குப் பால் ஒவ்வாது அம்மம்மா, சிறிதளவும் வேண்டாம்" என்று தயக்கமின்றிச் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பிப்போமாக. அத்தமிழ் தேர்வுப் புள்ளிக்காகக் கற்கும் தமிழினும் மேலானது. ஒரு நாள் உயிரையும் காக்கக்கூடியது.

அடுத்த விஜயதசமிக்கும் குளிர்களி கொண்டு வருவேன். நெய்யில் வறுத்த கஜூ அதன்மேல் இராது. அந்தச் சிறுமி இப்போது வளர்ந்திருப்பாள். அவளைப் போன்ற இன்னொரு சின்னஞ்சிறு பிள்ளை, ஏனைய பிள்ளைகளின் நடுவே அமர்ந்து, அதே கிண்ணத்தில் அதே இனிப்பை உண்ண வேண்டும். அதுவே நிறைவான விருந்து.