ஸ்பிதிக்கு வண்டி எடுக்கும் முன்...

ஜூன் பிறந்தால் போதும், தில்லியில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பிதி ஜுரம் வந்துவிடுகிறது. “ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே அப்பா, என்ன பயம்?” என்கிறார்கள். எனக்குப் பயமே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி மேடேறும், சேற்றிலிருந்து வெளியே வரும். பிரேக் பிடிக்கும்போது அதனால் பெரிய லாபமில்லை. சாதாரணக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு. ரயில்வேயில் கர்ஜத்–லோனாவாலா மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி பிரேக்கைச் சோதித்த பிறகுதான் இறக்குவோம். அதையும் மீறி ஓடினால் தாங்கிக்கொள்ள கேட்ச் சைடிங் இருக்கிறது. குன்ஸும் கணவாயில் அதெல்லாம் கிடையாது. கீழ் கியர்தான் துணை.

இறக்கத்தையாவது சமாளிக்கலாம், தண்ணீரை முடியாது. 2022 ஜூலையில் மகன் குடும்பத்தோடு மணாலியிலிருந்து காஜாவுக்குக் கிளம்பினோம். நிதானமாகச் சாப்பிட்டுப் புறப்பட்டதில் இரண்டு மணி நேரம் தாமதம் (அதில் என் பங்கும் உண்டு). கிராம்பூவில் லே சாலையை விட்டுப் பிரிந்தால் கல்லும் கூழாங்கல்லும்தான் பாதை. சத்ருவைத் தாண்டி ஒரு நாலா குறுக்கிட்டபோது மணி ஒன்று. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் மதியம் முழங்காலைத் தாண்டிவிடும். கலங்கல் நீரில் பாறை தெரியவில்லை. வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது. பின் சீட்டில் ஆறு வயதுப் பேத்தி. போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி கழித்து வந்த ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

ஆகவே நான் சொல்வது, விடியும் முன் கிளம்புங்கள். ஒற்றை வண்டியில் போகாதீர்கள்.

இன்னொன்று. மணாலி சுமார் 2,050 மீட்டர், குன்ஸும் 4,550. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. ஒரே நாளில் ஏறினால் தலைவலி, வாந்தி வருவதில் ஆச்சரியமில்லை. எங்கள் மருமகள் காஜாவில் இரண்டு நாள் படுத்துவிட்டாள். சிம்லா, கின்னௌர், நாகோ வழியாகப் போனால் உடம்பு படிப்படியாகப் பழகும், கி.பி. 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தையும் பார்க்கலாம். திரும்பும்போது குன்ஸும் வழியாக இறங்கலாம். கூடுதலாக இரண்டு நாள் லீவு வேண்டும் என்கிறார்கள். படுத்துக் கிடந்ததும் இரண்டு நாள்தானே!

மகன் மறுபடி போக வேண்டும் என்கிறான். சிம்லா வழி என்றால், கூட இன்னொரு வண்டியும் வந்தால், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.