சட்டக் கல்வியும் ஊன்றிய வாசிப்பும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலமலைச் சரிவுகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன்னரே புறப்பட்டுவிடுகின்றன. ஏலச்செடியின் தூரிலிருந்து படரும் சரங்களில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆதலால் முற்றியவற்றை மட்டும் தேர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை சுற்றுச்சுற்றாகப் பறிக்கின்றனர். இப்பறிப்புக் காலத்துக்குள்தான், சட்டம் பயில விரும்பும் அவ்வூர் மாணவர்க்கு ஒரு தேர்வும் வந்து சேர்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் என்னும் பொதுச் சட்டச் சேர்க்கைத் தேர்வு, அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அதன் பின்னரே வருகிறது. எனவே, ஆயத்தம் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கியாக வேண்டும்.

சட்டம் பயில இஃது ஒன்றே வழியன்று. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசுச் சட்டக் கல்லூரிகள், ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை வழங்குகின்றன. தேனியிலேயே 2019இல் அத்தகைய கல்லூரியொன்று தொடங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமோ கிளாட் வழியே மாணவரைச் சேர்க்கிறது.

இத்தேர்வைப் பற்றி நிலவும் தவறான எண்ணம், பொது அறிவுச் செய்திகளை மூட்டை மூட்டையாக மனப்பாடம் செய்தால் வென்றுவிடலாம் என்பது. 2020 முதல் வினாக்கள் பத்திகளை அடிப்படையாகக் கொண்டே கேட்கப்படுகின்றன. 120 நிமிடங்களில் 120 வினாக்கள். பத்திகளோ 450 சொற்கள் வரை நீள்பவை. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். மனப்பாடம் ஓரளவே துணைநிற்கும். எழுதப்பட்டதை எழுதப்பட்டவாறே வாசிக்கும் பழக்கமே தேவை.

மலைத்தோட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்குப் பொருந்த இரண்டு அளவுகோல்களை வகுத்தது: நிலம் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாதிருத்தலும், பணிபுரிவோர் பதினைவருக்குக் குறையாதிருத்தலும். ஆறு ஹெக்டேர் பரப்புடைய தோட்டத்தில் ஓராண்டாக எந்நாளும் பன்னிருவருக்கு மேல் பணியாற்றவில்லை எனக் கொள்வோம். இவ்விதிப்படி அத்தொழிலாளர்க்குச் சட்டம் பொருந்துமா? தாயின் கைகள் தோட்டத்தில் தேய்வதைக் கண்டு வளர்ந்த மாணவர் ‘பொருந்தும்’ என்றே எழுத விழைவார். பரிவு நியாயமானதே, விடை தவறு. இலக்கண வகுப்பில் பயின்ற எண்ணும்மை இங்கே இரு நிபந்தனைகளையும் பிணைத்து நிற்கிறது. அவ்விடத்தில் ‘அல்லது’ என்றிருப்பின் விடையே மாறிவிடும். சட்டம் இவ்வாறு இருப்பது முறையா என்பது வேறு வினா; அதனை எழுப்புவதற்கும் முதலில் அந்த ‘உம்’ கண்ணில் பட வேண்டும்.

அத்தகைய கண் ஒரு திங்களில் அமைவதன்று. நாள்தோறும் ஒரு பத்தி, கடிகாரத்தை எதிரே வைத்து, கைப்பேசியை வேறோர் அறையில் விட்டு வாசிக்கப்பட வேண்டும். தவறிய விடைகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுவோர் பலர். அவை ஏன் தவறின என்று எழுதுவோர் சிலரே. சொல் புரியாமையா, நிபந்தனை விடுபட்டமையா, பத்தியில் இல்லாததைத் தாமே சேர்த்துக்கொண்டமையா என ஒவ்வொன்றுக்கும் காரணம் குறித்துவந்தால், நாளடைவில் தம் குறை எங்கே குவிகிறது என்பது தெரியவரும்.

தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுவது தமிழ்வழி மாணவர்க்குப் பெருஞ்சுமை. அது நேர்மையற்றது என்னும் வாதம் வலுவானதே. எனினும், மாற்றம் வரும்வரை மாணவர் காத்திருக்க இயலாது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ஒரே தீர்ப்பின் சில பத்திகளை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் வாசித்தால், பொருள் முன்னரே விளங்கியிருப்பதால் ஆங்கிலத் தொடரமைப்பு மிரட்டுவதில்லை.

மனம் ஒருமுகப்படவில்லை என்று மாணவரைக் குறைகூறுவது எளிது. பெற்றோர் மலைக்குச் சென்றுவிட்ட வீட்டில் தண்ணீர் பிடிப்பதும், உலை வைப்பதும், தம்பி தங்கையரைக் கவனிப்பதும் பதினாறு வயதுப் பிள்ளையின் வேலைகள். பெரும்பாலும் பெண்பிள்ளையின் வேலைகள். அவருக்கு இல்லாதது மனவுறுதியன்று, இடையூறில்லாத ஒரு மணி நேரம். நகரத்துப் பயிற்சி மையங்கள் கட்டணம் பெற்று விற்பதிலும் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரமே எனலாம். பறிப்பு மாதங்களில் பள்ளிகள் மாலை வேளையில் ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்து, தம்பி தங்கையரையும் உடன் அமர அனுமதித்தால் அதனைத் தர இயலும். அதற்கு ஆகும் செலவு, ஒரு மின்விளக்கும் ஓர் ஆசிரியரின் மாலைப்பொழுதும்.