ஆர்னெட் கோல்மனுக்கு 37 நிமிஷம், நம்மூர் நாயனக்காரருக்கு 3 நிமிஷமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமும் உண்டு. ஜாஸ்னா என்னன்னே தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். ஒரு கல்யாண வீட்டுக்காவது போன அனுபவம் இருந்தா போதும்.

பெங்களூர்ல பொட்டி தட்டிட்டிருக்கிற நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் ரூம்ல கூடி பாட்டு கேப்போம். சாதாரணப் பாட்டு இல்ல மக்கா, ஃப்ரீ ஜாஸ். அந்தந்த நேரத்துல யோசிச்சு வாசிக்கிற சங்கீதம். புதுசா எந்த ஆல்பம் வந்தாலும் வாங்கி, லைட்டை அணைச்சுட்டு, பேசாம உக்காந்து கேட்டுட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். நடுவுல சமையக்கட்டுல குக்கர் விசில் அடிச்சா அது அடுப்புல இருந்து வந்ததா ஸ்பீக்கர்ல இருந்து வந்ததான்னு சந்தேகம் வர்ற ரகம் :-)

அப்படி ஒரு நாள் வாடாடா லியோ ஸ்மித்தும் விஜய் ஐயரும் சேர்ந்து வாசிச்ச 'டிஃபயன்ட் லைஃப்' (2025) கேட்டோம். ஒரு ட்ரம்பெட், ஒரு பியானோ, கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், நிறைய மௌனம். கேட்டு முடிச்சதும் எல்லாருக்கும் ஒரே புல்லரிப்பு. அப்போ ஒரு நண்பன் சொன்னான்:

"இதெல்லாம் நம்மூர்ல வராதுடா. நம்மகிட்ட எல்லாமே எழுதி வச்ச பாட்டு. எவன் அந்த நேரத்துல யோசிச்சு வாசிக்கிறான்?"

சொன்னவனோட ஊர் கும்பகோணம் பக்கம். 2022-ல புவிசார் குறியீடு வாங்கின நாதஸ்வரம் கடைசல் ஆகுற நரசிங்கம்பேட்டை அவன் வீட்டுல இருந்து பைக்ல போற தூரம்தான். அவனுக்கு நான் அன்னைக்கு பதில் சொல்லல. அதான் இந்தப் பதிவு. ஆனா இதுல பாதி எனக்கும் சேர்த்துதான், கடைசி வரை படிங்க.

முதல்ல அந்த 'எழுதி வச்ச பாட்டு' மேட்டர். ஒரு நாதஸ்வரக் கச்சேரியில கீர்த்தனைங்கிறது ஒரு பகுதி மட்டும்தான். ராக ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தவிலோட தனி இது எதுவுமே எழுதி வச்சது கிடையாது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில வார்த்தையே இல்ல. ரக்தி மேளம்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் வார்த்தை கிடையாது. தாளக் கணக்கைப் பிடிச்சுக்கிட்டு நாயனமும் தவிலும் கட்டிக்கிட்டே போற சமாச்சாரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பேரைச் சொன்னா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது கீர்த்தனை இல்ல, தோடி ராகம். ஒரு ராகத்தோட ஆலாபனை ஒரு மனுஷனுக்கு அடையாளமா நிக்குதுன்னா, கேட்டவங்க எதைக் கேக்கப் போயிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இதை நம்மளை விட வெளிய இருந்தவங்க கவனிச்சிருக்காங்க. ஜான் கோல்ட்ரேன் 1961-ல 'இண்டியா'ன்னே பேர் வச்சு வாசிச்சார். 1965-ல பிறந்த மகனுக்கு ரவிசங்கர் ஞாபகமா ரவின்னு பேர் வச்சார். சார்லி மரியானோன்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர் (1923–2009) நாதஸ்வரத்தையே கத்துக்கிட்டு, 1970-கள்ல தன்னோட ஆல்பங்கள்ல வாசிச்சார். இங்கிலாந்துல கிட்டாரை உண்டு இல்லைன்னு பண்ணின டெரக் பெய்லி, 1980-ல இம்ப்ரொவைசேஷன் பத்தி எழுதின புத்தகத்தை இந்திய சங்கீதத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறார். 2008-ல ருத்ரேஷ் மகந்தப்பா, நம்ம கத்ரி கோபால்நாத்தை ('டூயட்' படத்து சாக்ஸபோன் அவர்தான்) கூட உக்கார வச்சு 'கின்ஸ்மென்' ஆல்பம் போட்டார்.

"ஆஹா, வெள்ளைக்காரனே சொல்லிட்டான்"னு இப்போ சில பேர் காலரைத் தூக்கி விடுவீங்க. அதுக்காக இதைச் சொல்லல ஓய். "ஃப்ரீ ஜாஸை எங்க பாட்டன் ஆயிரம் வருஷம் முன்னாடியே வாசிச்சாச்சு"ன்னு கிளம்புற கூட்டத்து மேல எனக்கு அதை விடக் கடுப்பு. ரெண்டும் வேற வேற. கோல்மன் கும்பல் உடைச்சது பாட்டோட கார்டு வரிசையை. நம்மாள் ராகத்தோட இலக்கணத்தை உடைக்க மாட்டார், அதுக்குள்ள இதுவரை யாரும் போகாத சந்து எங்க இருக்குன்னு தேடிப் போவார். தேடல் ஒண்ணு, வழி வேற.

ஒத்துமை வேற இடத்துல இருக்கு, அதைத்தான் யாரும் பேசுறதில்ல. 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் 1960 டிசம்பர்ல பதிவாச்சு. அதே வருஷம்தான் அமெரிக்காவுல கறுப்பின மாணவர்கள், தங்களுக்கு இடம் மறுக்கப்பட்ட ஓட்டல் கவுண்டர்கள்ல போய் உக்காந்து போராடினாங்க. அந்த 'ஃப்ரீ'ங்கிற வார்த்தை காத்துல இருந்த காலம். இங்க என்ன நிலைமை? நாதஸ்வரக்காரர் மேல்சட்டை இல்லாம, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, பெரிய மனுஷங்க முன்னாடி நின்னுக்கிட்டே வாசிக்கணும். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துட்டு கிராப்பு வச்சார், கோட்டு போட்டார், மேடை போட்டா உக்காந்துதான் வாசிப்பேன்னு நின்னார். அங்க உக்கார்றதுக்காக ஒரு போராட்டம், இங்கயும் உக்கார்றதுக்காக ஒரு போராட்டம். ஜாஸோட அரசியலைப் பத்தி மணிக்கணக்கா பேசுற நம்ம செட்டுல இதைப் பேசினவன் ஒருத்தன் உண்டா?

சரி, இப்போ என் கதைக்கு வர்றேன்.

எனக்கு ஊர் பூதப்பாண்டி பக்கம். சித்தி மகளுக்கு நாகர்கோவில்ல கல்யாணம். முகூர்த்தம் பத்தரைக்கு, மேளம் எட்டு மணிக்கே வந்தாச்சு. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு தாளம், ஒத்துக்குப் பதிலா ஒரு சுருதிப் பெட்டி. (ஒத்துன்னா, கூட நின்னு ஒரே சுருதியை மூச்சு அறாம ஊதுற குழல். எவன் பார்க்கர் சாக்ஸபோன்ல மூச்சு விடாம ஊதுறதைக் கேட்டு நாங்க வாயைப் பிளந்திருக்கோம். அதே மூச்சு வித்தையோட மணிக்கணக்கா நின்ன ஒத்துக்காரரை ஒரு பெட்டி அனுப்பி வச்சிடுச்சு, யாரும் ஒரு வரி எழுதல.)

நான் மண்டபத் தூண்ல சாஞ்சுக்கிட்டு ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டியிருந்தேன். உள்ள ஓடிக்கிட்டிருந்தது எது தெரியுமா? அதே கோல்மனோட 'ஃப்ரீ ஜாஸ்'. 37 நிமிஷம், இடது பக்கம் நாலு பேர், வலது பக்கம் நாலு பேர். இன்னொரு காதுல மண்டபம்.

அந்த நேரம் நாயனக்காரர் கரகரப்ரியாவை எடுத்தார். அறுபது வயசு இருக்கும். முதல்ல சும்மா கேட்டு வச்சேன். அப்புறம் ரிஷபத்துல போய் நின்னார் பாருங்க. நின்னு, அதைச் சுத்திச் சுத்தி வந்து, விட்டுட்டுப் போற மாதிரி போய், மறுபடி அங்கயே வந்தார். தவில்காரர் வாசிக்காம அவர் மூஞ்சியையே பாத்துட்டிருந்தார். நான் இயர்போனைக் கழட்டிட்டேன். அடுத்து எங்க போகப் போறார்னு எனக்குத் தெரியல, அவருக்கே தெரியலன்னு தோணிச்சு. எதைத் தேடி நாங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லைட்டை அணைக்கிறோமோ அது அங்க வந்து நின்னுது.

மூணு நிமிஷம் இருக்கும். மாமா ஒருத்தர் வெத்தலையை மென்னுக்கிட்டே வந்தார். "ஓய், என்னத்தப் போட்டு இழுத்துக்கிட்டு? சிங்காரவேலனே வாசியும்."

அவர் ஒரு மூச்சு எடுத்தார், சீவாளியை ஒரு தடவை சரி பண்ணினார், 'சிங்காரவேலனே'யை ஆரம்பிச்சுட்டார்.

1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில அதை வாசிச்சவர் காருகுறிச்சி அருணாசலம். பக்கத்து திருநெல்வேலிச் சீமைக்காரர், ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர், ஆலாபனைக்குப் பேர் போனவர். அவரோட ஒரு சினிமாப் பாட்டை வச்சே இன்னொருத்தரோட ஆலாபனையை அறுத்துட்டோம்.

மாமாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அவருக்கு அது சத்தம், பிடிச்ச பாட்டைக் கேட்டார். தெரிஞ்சிருந்தும் வாயைத் திறக்காதவன் நான்தான். "மாமா, இன்னொரு பத்து நிமிஷம் வாசிக்கட்டும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. இயர்போனைத் திரும்ப மாட்டிக்கிட்டேன்.

பந்தியில அடப்பிரதமன் முடிஞ்சு கை கழுவுற இடத்துல அவரைப் பாத்தேன். "கரகரப்ரியா நல்லா இருந்துது, ஏன் விட்டுட்டீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"கேக்க ஆளு இருந்தா வாசிக்கதுக்கு என்ன தம்பி? சீவாளிக்குக் காது கிடையாதுல்லா. நீங்கதான் கேக்கணும்."

அந்த ஆளு அங்க இருந்தான். தூண்ல சாஞ்சுக்கிட்டு நின்னான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல.

இப்போ எதிர்ப்பேச்சுக்கு வருவோம். நண்பன்கிட்ட இதைச் சொன்னதும் கேட்டான்: "ரெக்கார்டிங் இல்லாம எதைடா பேசறது? ஆல்பம் இருந்தா கேட்டுட்டுப் பேசலாம்."

ரெக்கார்டிங் வானத்துல இருந்தா விழும்? 1970-ல லண்டன்ல டெரக் பெய்லி, எவன் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி மூணு பேரும் சேர்ந்து 'இன்கஸ்'னு சொந்தமா ஒரு லேபிள் ஆரம்பிச்சாங்க. வேற எந்தக் கம்பெனி அந்தச் சத்தத்தைத் தேடி வந்து போடும்? சின்னச் சின்ன ரூம்ல விரல் விட்டு எண்ணுற கூட்டத்துக்கு வாசிச்சதைப் பதிஞ்சாங்க. ரசிகர்கள் தேடி வாங்கினாங்க, எழுதினாங்க, சண்டை போட்டாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு பெங்களூர் ரூம்ல நாம அதைக் கேக்குறோம். வாசிச்சவங்களோட சேர்ந்து இந்தப் பேசுன கூட்டமும்தான் அதை உயிரோட வச்சிருக்கு. பேக்கப் இல்லாத சர்வரை நம்ம ஆபீஸ்ல ஒரு நாள் விட்டு வைப்பமா? ஊர்ல அறுபது வயசு ஆன ஒவ்வொரு வித்வானும் பேக்கப் இல்லாத சர்வர்தான்.

இன்னொருத்தன், "இப்போ எல்லா இடத்துலயும் சிங்காரி மேளம்தான், அதுதான் கெடுத்துது"ன்னான். அதுவும் தப்பு. நம்ம ஜில்லா 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தது, செண்டை நமக்கு அந்நியம் கிடையாது. கொடைக்குக் கணியான் கூத்து வச்சா உச்சம் ஒண்ணு மந்தம் ஒண்ணுன்னு ரெண்டு மகுடம் பேசிக்கும், அதைக் கேட்டா எந்த ஜாஸ் ட்ரம்மரும் உக்காந்துடுவான். ஒரு வாத்தியம் இன்னொண்ணைக் கொல்லாது. யாருக்கு எவ்வளவு நேரம்னு நோட்டீஸ் அடிக்கிற கமிட்டியும், கல்யாண வீட்டுக்காரங்களும், பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குற நம்மளும் சேர்ந்துதான் கொல்றோம்.

அதனால ஜாஸ் மக்களே, கேக்குறதை நிறுத்துங்கன்னு நான் சொல்ல வரல. நானும் கேப்பேன். நாலே நாலு கோரிக்கைதான்.

ஒண்ணு, உங்க வீட்டுக் கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு முன்னாடி 40 நிமிஷம் நாயனக்காரருக்கு விட்டுடுங்க. "உங்க இஷ்டத்துக்கு வாசிங்க"ன்னு முந்தின நாளே சொல்லிடுங்க. கேட்டாத்தான் அவரும் தயாரா வருவார்.

ரெண்டு, நடுவுல யாராவது சீட்டு எழுதிக் கொண்டு வந்தா நீங்க போய்த் தடுங்க. மாமா கோவிச்சுப்பார். கோவிக்கட்டும், சவத்த விடுங்க.

மூணு, அவர்கிட்ட அனுமதி கேட்டு, அதுக்குத் தனியா காசு குடுத்துப் பதிவு பண்ணுங்க. தவில்காரர், தாளம் போடுறவர் பேர் வரைக்கும் எழுதி வைங்க. ஜாஸ் ஆல்பத்துல பேஸ் வாசிச்சவன் பேர் தெரியலன்னா எவ்வளவு துடிக்கிறோம்?

நாலு, கேட்டதை எழுதுங்க. "அருமை, தெய்வீகம்"னு இல்லாம, எந்த இடத்துல நின்னார், எங்க தடுமாறினார், எப்படி வெளிய வந்தார்னு எழுதுங்க. வாடாடா லியோ ஸ்மித்துக்கு எழுதுற மாதிரியே.

வர்ற மார்கழித் திருவிழாவுக்கு பத்து நாளும் லீவு கிடைக்காது, டேமேஜர் அழுவார். ஒன்பதாம் திருவிழா தேரோட்டத்துக்கு சுசீந்திரத்துல இருப்பேன். கும்பகோணத்துக்காரனும் வர்றேன்னு சொல்லியிருக்கான். வர்றவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா, சேர்ந்து நிப்போம். இயர்போனை மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க.

பி.கு: அந்தக் கரகரப்ரியாவை மூணு நிமிஷத்துக்கு அப்புறம் அவர் எங்க கொண்டு போயிருப்பார்னு இன்னும் எனக்குத் தெரியாது. அவரோட நம்பரை வாங்கி வச்சிருக்கேன். அடுத்தது என் கல்யாணம்தான். பொண்ணு இன்னும் அமையல, மேளம் அமைஞ்சாச்சு :-)